நான் கொடுத்த தண்ணி

குழாய் இல்லீங்க அம்மிணி. சென்னியப்பா நகர்ல எத்தனை வீடு இருக்குதோ அத்தனை வீட்டு வாசல்லயும் நீலக் குழாய் நிக்குது. இந்த ஒரு வீட்டுக்குத்தான் இல்லை. உங்க கணக்கெடுப்புல அப்படியே குறிச்சுக்குங்க. வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு மட்டும் போட்ராதீங்க. தண்ணி வேண்டாம்னு எவனாச்சும் சொல்லுவானா?

உக்காருங்க. வெயில்ல எத்தனை வீதி ஏறி எறங்கினீங்களோ. எங்கூட்டுக்காரி தெய்வாத்தா வெளிய போயிருக்கறா, வந்துருவா. அவ வர்றதுக்குள்ள சொல்லீர்றேன். அவ இருந்தா இதெல்லாம் பேச முடியாது, எந்திரிச்சு உள்ள போயிருவா.

சென்னியப்பாங்கறது ஆருன்னு தெரியுமா உங்களுக்கு? எங்கய்யனுங்க. நீங்க பஸ் எறங்கின இடத்துல பேக்கரி இருக்குதில்ல, அங்கிருந்து அந்தச் செல்போன் டவர் வரைக்கும் எங்க தோட்டம். சோளம், பருத்தி, ஒரு ஓரமாத் தென்னை. மழை பொய்ச்சுப் போச்சு. பையன் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டான், காட்டுல கால் வெக்க மாட்டேன்னுட்டான். சுத்தியும் பனியன் கம்பெனி வந்துருச்சு. கம்பெனி வந்தா ஆள் வரோணும், ஆள் வந்தா வீடு வேணும். நானும் காட்டை வீட்டு மனையாப் பிரிச்சு சைட்டுப் போட்டேன். தெக்க இருந்து வந்தாங்க, மதுரைப் பக்கம், திருநெல்வேலிப் பக்கம், எங்கெங்கயோ இருந்து வந்தாங்க. ஒருத்தனுக்கும் இங்க சொந்தமில்லை, பந்தமில்லை. எல்லாத்துக்கும் நாந்தான்.

தண்ணியில்லாத சைட்டை எவன் வாங்குவான்? என் போர்க் கெணறு இருக்கிற வரைக்கும் உங்களுக்குத் தண்ணி உண்டுன்னு வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாத்தினேனா இல்லையான்னு நீங்க எந்த வீட்ல வேணும்னாலும் கேளுங்க. வீதிக்கு ஒரு லைன் இழுத்து, வீதிக்கு ஒரு வால்வு வெச்சு, தெனமும் காலையில நானே போயித் தெறந்து விடுவேன். ஒரு பைசா வாங்கினதில்லை. தண்ணியை விக்கற பரம்பரை இல்லீங்க நாங்க.

நான் வால்வுகிட்ட நின்னேன்னா போறவன் வர்றவன் அத்தனை பேரும் நின்னு வணக்கம் சொல்லீட்டுத்தான் போவான். சீட்டுப் பண்டு போடறதா இருந்தாலும் பிள்ளைக்குப் பேர் வெக்கறதா இருந்தாலும் நேரா இங்கதான் வருவாங்க. மாரியாத்தா நோம்பிக்கு மொதத் தேங்காய் நான் ஒடைச்சாத்தான். இப்ப என்னைப் பாத்தா பைக்கை முறுக்கீட்டுப் போறானுங்க. தண்ணி கொடுத்த கையை மறந்தவன் உருப்படுவானா, சொல்லுங்க.

சரி, சொல்ல வந்ததைச் சொல்றேன்.

இசக்கிராஜுன்னு ஒருத்தன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கம்பெனியில டெய்லரு. பொண்டாட்டியும் கைப்பிள்ளையுமா ஒரு டிரங்குப் பெட்டியோட வந்து எறங்கினவன். பழக வாட்டமான பையன், அண்ணாச்சி அண்ணாச்சின்னு பின்னாலயே நிப்பான். என்ற கூடப் பொறந்தவன் பங்குக்குக் கோர்ட்டுல இழுத்தடிச்ச ஆளு. அதனால இவனைத் தம்பியாட்டம் வெச்சிருந்தேன். மோட்டார் ரூம் சாவியையே அவன்கிட்டக் கொடுத்திருந்தேன்னாப் பாத்துக்குங்களேன். நான் வெளியூர் போனா அவன்தான் வால்வு தெறப்பான். நான் எப்படிச் சொன்னனோ அப்படியே தெறப்பான்.

அவன் மாடி எடுத்தப்ப மேக்க பாத்து ஒரு ஜன்னல் வெச்சான். அதுல இருந்து பாத்தா எங்க வீட்டுக்குப் பின்னால பொடக்காலி தெரியும். தம்பி, பொம்பளைக பொழங்கற இடமுங்க, அடைச்சுருங்கன்னேன். காத்து வராது அண்ணாச்சி, துணியைப் போட்டு மறைச்சுக்கிடுதேன்னான். சரி, உங்க இஷ்டம்னு விட்டுட்டேன். அதே சமயம் பாத்து அவன் வீதி வால்வு பழுதாப் போச்சு. ஒரு வாரத்துக்கு மேல தண்ணியில்லை. ஆளைக் கூப்பிட்டா வந்தாத்தானுங்களே. பொறவு அவன் ஜன்னலைச் செங்கல் வெச்சு அடைச்சுட்டான். வால்வும் சரியாயிருச்சு. அது அதும் பாட்டுக்கு நடந்தது. நான் ஒரு வார்த்தை கடிஞ்சு சொன்னதில்லை. அத்தனை மரியாதையா இருந்தவன்.

இன்னொருத்தி மாராத்தா. கிழக்க கடைசியில ஒரு வளவு இருக்குது, எங்க தோட்டத்துல வேலை செஞ்சவங்க குடியிருக்கிறது. அவங்களுக்கும் தண்ணி கொடுத்தேன். நம்ம கேட்டுக்கு வெளிய ஒரு பைப்பு வெச்சு, எல்லா வீதிக்கும் ஆனதுக்கப்பறம் அவங்க புடிச்சுக்குவாங்க. உள்ள வரக் கூடாதுன்னு நான் சொன்னதில்லீங்க. அவங்களே வர மாட்டாங்க. அது அப்படித்தான் பழக்கம். சில நாளைக்கு அவங்க வர்றதுக்குள்ள டேங்க் காலியாயிரும், அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? மாராத்தா என்னைச் சாமி சாமின்னுதான் கூப்பிடுவா. அவ ஆத்தாளும் அப்படித்தான் கூப்பிட்டா.

இப்படி இருக்கறப்ப, டவருக்கு அந்தப் பக்கம் அடுக்கு மாடி வந்துச்சு. அதைக் கட்டினவன் ரெண்டு போர் போட்டான். என் போர்ல மட்டம் எறங்கிப் போச்சு. தண்ணி சன்னமாயிருச்சு, உப்பும் ஏறிருச்சு. ஆத்துத் தண்ணி பைப்புல வருது, நம்ம நகருக்கும் கேக்கலாம்னு பேச்சு வந்துச்சு. நானே குடிதண்ணி ஆபீசுக்குப் போனேன். இசக்கிராஜும் பொம்பளைகளும் பல தடவை போயிருக்கறாங்கன்னு அங்க இருந்தவங்க சொன்னாங்க. பொம்பளைக போயி ஆகற காரியமா? நான் வெள்ளை வேட்டியோட ஒரு தடவை போயி உக்காந்ததுக்கப்பறம்தான் பைல் நகந்துச்சு. இந்தப் பைப்பைக் கொண்டாந்தது நானுங்க. அதை எழுதிக்குங்க.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. மெயின் லைனைக் கொண்டாந்து நம்ம தொட்டியில விடுங்க, இங்கிருந்து நான் வழக்கம்போல வீதிக்கு வீதி விட்டுக்கறேன்னு. லைன் இருக்குது, வால்வு இருக்குது, பழகின கை இருக்குது. ரோட்டையெல்லாம் எதுக்குத் தோண்டோணும்? இதுல தப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா? அங்கிருந்த இஞ்சினியரம்மா, ஜனங்களைக் கூட்டிக் கேக்கறோம், அவங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படிங்கன்னாங்க. கேளுங்கன்னேன். எனக்கென்ன பயம்? வீடு வீடாப் போனேன். சொல்லுங்க, உங்க இஷ்டம்தான்னேன். ஒருத்தர் மறுத்துச் சொல்லலை. எல்லாத்துக்கும் தலை ஆடுச்சு. இசக்கிராஜ் வீட்ல காப்பி குடிச்சேன். நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சின்னான். அவன் வாயால சொன்னானுங்க.

பிள்ளையார் கோயிலுக்கு முன்னால கூட்டம். எனக்குச் சேர் போட்டிருந்தாங்க, இஞ்சினியரம்மாவுக்குப் பக்கத்துல. அந்தம்மா ரெண்டு வழியையும் சொல்லீட்டு, யாராச்சும் பேசறீங்களான்னாங்க. நான் சிரிச்சுட்டே உக்காந்திருந்தேன். அப்பறம் இசக்கிராஜ் எந்திரிச்சான். எனக்காகத்தான் பேசப் போறான்னு நெனைச்சேன்.

"அண்ணாச்சி தண்ணி தந்தாவ. இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிப் போவும்," அப்படின்னான். அது வரைக்கும் சரி. "ஆனா காலையில எந்திச்சதும் அண்ணாச்சி மொகம் இன்னைக்கு எப்படி இருக்குன்னு பாத்துட்டுத்தான் எங்களுக்குப் பொழுதே விடிஞ்சுது. எம்பிள்ளைகளும் அப்படி இருக்க வேண்டாம். பைப்பு ரோட்டு வழியாப் போவட்டும். அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க குழாய்."

என்ற மொகத்துக்கு என்னங்க? சொல்லுங்க அம்மிணி, நான் யாரையாச்சும் மொறைக்கிற ஆளா?

அவன் உக்காந்ததும் கடைசியில இருந்து மாராத்தா எந்திரிச்சா. கூட்டத்துல பேசினதே இல்லை அவ. "எங்க வளவுக்குள்ளயும் பைப்பு வரோணுமுங்க. இவரு கேட்டுக்கு வெளிய நின்னு நின்னு சலிச்சுப் போச்சு"ன்னா. இவரு. சாமின்னு கூப்பிட்ட வாய். இஞ்சினியரம்மா கை தூக்கச் சொன்னாங்க. என்ற பக்கம் ஒரு கைகூட இல்லை. நான் தலையாட்ட வெச்ச அத்தனை தலையும் கீழ குனிஞ்சிருக்குது, கை மட்டும் மேல நிக்குது. தெய்வாத்தா பொம்பளைக கூட்டத்துல உக்காந்திருந்தா. அவ எந்தப் பக்கமும் கை தூக்கலை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலா இருந்துச்சு, அப்ப.

அதுக்குப் பொறவு நான் மோட்டார் போடலை. கோவம்னு சொல்லுவாங்க. கோவமில்லீங்க. தண்ணி எறங்கிருச்சு, மோட்டார் வெந்து போயிரும், அதைக் காப்பாத்தோணுமில்ல. எங்கூட்டுத் தேவைக்கு மட்டும் சித்த நேரம் போட்டுக்குவேன். இசக்கிராஜ் சாவியைக் கொண்டாந்து எம்பட கையில கொடுத்துட்டுப் போனான். நல்ல சித்திரை வெயில். லாரித் தண்ணிக்குக் கொடத்தைத் தூக்கீட்டு ஓடினாங்க. குறுக்குச் சந்துல ஒரு பொம்பளை மயங்கி விழுந்துட்டான்னு சொன்னாங்க. எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. அண்ணே, தெரியாமப் பேசிட்டோம், தண்ணி விடுங்கன்னு ஒருத்தர் வந்து கேட்டிருந்தா விட்டிருப்பேன். கேக்கோணுமில்ல. கேக்கலை.

எங்கூட்ல அப்ப ஒரு கூத்து. மேல் டேங்க் ரொம்பும், மத்தியானத்துக்குள்ள காலியாயிரும். ரெண்டே பேரு இருக்கிற வீடு. எங்கயோ ஒழுகுதாட்டம் இருக்குதுன்னா தெய்வாத்தா. பிளம்பரைக் கூப்பிட்டு எல்லா மூட்டையும் பாக்கச் சொன்னேன். அவன் பொடக்காலிப் பக்கம் போயிட்டு வந்து, ஒழுகல் இல்லீங்க, ஆனா இங்க தரையெல்லாம் கொடம் வெச்ச தடமா ஈரமா இருக்குதுன்னான். சொல்லீட்டு ஒரு மாதிரி சிரிச்சான். இன்னைக்கு வரைக்கும் அந்த ஒழுகலைக் கண்டுபிடிக்க முடியலைன்னு வெச்சுக்குங்களேன்.

அப்பறம் ஒரு நாள் மண்ணு தோண்டற மெஷின் வந்துச்சு. பேக்கரி முனையில இருந்து தோண்டீட்டே வந்தாங்க. எங்க மூலைக்கு வந்ததும் நான் முன்னால போயி நின்னேன். ரோடு யாருதுன்னு கேட்டேன். பஞ்சாயத்து ரோடுன்னான் காண்ட்ராக்டரு. பஞ்சாயத்துக்கு எப்ப எழுதிக் கொடுத்தேன், காட்டுன்னேன். அவன் முழிச்சான். சைட்டுத்தானுங்களே வித்தேன், ரோட்டை விக்கலையே. ரோடெல்லாம் தானமா எழுதிக் கொடுக்கோணும்னு அப்பவே ஆபீஸ்ல சொன்னாங்கதான், கொடுக்கலாம் கொடுக்கலாம்னு விட்டுட்டேன். விட்டது நல்லதாப் போச்சு. இஞ்சினியரம்மா வந்து பாத்துட்டு, ஆமா, தான பத்திரம் இல்லாம எங்களால பைப்பைப் போட முடியாதுன்னு வேலையை நிறுத்திட்டாங்க. குழி அப்படியே கெடந்துச்சு. ஜனமெல்லாம் வாசல்ல நின்னு என்னையப் பாத்துச்சு. பாக்கட்டும்னு நானும் நின்னேன்.

அதோட விடலை. தடை வாங்கீரலாம்னு மறுநாளே கோயமுத்தூருக்குக் கெளம்பினேன், எங்க பழைய வக்கீலைப் பாக்க. தெய்வாத்தாளையும் வரச் சொன்னேன், பையன் வீட்ல பேரனைப் பாத்துட்டு வந்த மாதிரியும் ஆச்சேன்னு. எருமை கண்ணு போட்டிருக்குது, விட்டுட்டு வர முடியாதுங்கன்னா. அதுவும் நெசந்தான். வக்கீல் எல்லாத்தையும் கேட்டுட்டு, பத்திரத்தைப் பாத்துட்டு, கேஸ் போடலாம், ஆனா நிலம் அம்மா பேர்லல்ல இருக்குது, அவங்க கையெழுத்து வேணுமேன்னாரு.

அதை நானே மறந்துட்டனுங்க. கூடப் பொறந்தவன் கேஸ் நடத்தினப்ப, என் பேர்ல இருந்தா ஆபத்துன்னு தெய்வாத்தா பேருக்கு மாத்தினது. பேருக்குத்தானுங்க அது. அத்தனை சைட்டையும் அவதான் கையெழுத்துப் போட்டு வித்தா. நான் விரலை வெச்சு எடத்தைக் காட்டுவேன், அவ போடுவா. என்ன ஏதுன்னு ஒரு நாள் கேட்டதில்லை. அதனால வக்கீல்கிட்ட, அதென்ன பெரிய காரியம், நாளைக்கே வாங்கீட்டு வர்றேன்னுட்டு மனுவையும் எடுத்துட்டு பையன் வீட்டுக்குப் போயிட்டேன். பையன் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கன்னு புடிச்சு நிறுத்திட்டான். அவங்கம்மாகிட்ட ஏதோ போன்ல பேசீட்டு வந்துதான் அப்படிச் சொன்னான். பாசம்னு நெனைச்சேன்.

திரும்பி வந்து பேக்கரி முனையில எறங்கறேன், குழியைக் காணோம். மூடியாச்சு. நடந்து வர்றேன், எங்க மூலைக்கு இந்தப் பக்கமும் தோண்டி, நீலப் பைப்பு நீளத்துக்கும் கெடக்குது. வளவுக்குத் திரும்பற எடத்துல ஆளுக உள்ள எறங்கி மூட்டுப் போட்டுட்டு இருக்கறாங்க. நிறுத்துங்கடான்னு சத்தம் போட்டேன். இஞ்சினியரம்மா அங்கதான் நின்னுட்டு இருந்தாங்க. ஓனர் தான பத்திரம் எழுதிக் கொடுத்துட்டாங்களேங்கன்னாங்க. ஓனரு நாந்தானேங்கன்னேன். அந்தம்மா மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. பாவம், அவங்களுக்கு எங்க தெரியும்? தெய்வாத்தாள் அம்மா கையெழுத்துப் போட்டாங்க, உங்களுக்குத் தெரியும்னு நெனைச்சோம்னாங்க.

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஆரு கூட்டீட்டுப் போனதுன்னு நெனைக்கறீங்க? இசக்கிராஜ் பொண்டாட்டி. சாட்சிக் கையெழுத்து இசக்கிராஜ். எங்கூட்டுக் காப்பி வாங்கிக் குடிச்ச கை.

வீட்டுக்குள்ள போனேன். அவ எருமைக்குத் தவிடு கரைச்சுட்டு இருந்தா. என்னையப் பாத்ததும் கையைக் கழுவீட்டு எந்திரிச்சு நின்னா. ஓடலை, ஒளியலை. எதுக்குப் போட்டேன்னு கேட்டேன். ஈரக் கையை முந்தானையில தொடைச்சா. அப்பறம், "நானும் இந்த ஊர்ல குடியிருக்கோணுமுங்க"ன்னா.

அவ்வளவுதான். இன்னைக்கு வரைக்கும் அதுக்கு மேல சொல்லலை. எனக்குப் புரியலீங்க. அவ எங்க குடியிருக்கறா? இந்த வீட்லதானே, என்ற கூடத்தானே? இவளை யாராச்சும் போகச் சொன்னாங்களா? ஆயிரம் கையெழுத்துப் போட்டிருக்கறா, நான் காட்டின எடத்துல. அவளாப் போட்ட மொதக் கையெழுத்து எனக்கு எதுராப் போட்டது. கூடப் பொறந்தவன் பண்ணினதைத் தாங்கினேன், இசக்கிராஜ் பண்ணினதையும் எப்படியோ முழுங்கிட்டேன். இது இன்னும் தொண்டையில நிக்குது.

தண்ணி விட்ட அன்னைக்கு இசக்கிராஜ் வந்தான். புது வேட்டி கட்டி, நெத்தியில துன்னூறு. அண்ணாச்சி, மெயின் வால்வை நீங்கதான் தெறக்கணும், எல்லாரும் சொல்லுதாவ, வாங்கன்னான். வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்பிட்டான். என்ன நெஞ்சழுத்தம் பாத்தீங்களா? எங்கிட்ட இருந்து புடுங்கிட்டு, நானே வந்து தெறக்கோணுமாம், ஊரே பாத்துச் சிரிக்கோணுமாம். நான் கதவைச் சாத்திட்டேன். மாடியில நின்னு பாத்தேன். எனக்காக வெயில்ல எத்தனை நேரம் நின்னாங்களோ, இசக்கிராஜ் திரும்பித் திரும்பி எங்கூட்டைப் பாத்துட்டே இருந்தான். கடைசியில மாராத்தா கையைப் புடிச்சு அவளைத் தெறக்க வெச்சாங்க. வளவுக்குள்ள தண்ணி போச்சு. பொம்பளைக மஞ்சளைக் கரைச்சு ஒருத்தி மேல ஒருத்தி ஊத்தினாங்க. நடுவுல தெய்வாத்தா. தலையெல்லாம் நனைஞ்சு, வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறா. அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க.

எங்கூட்டுக்குக் குழாய் போட ஆள் வந்தப்ப நான் கேட்டைத் தெறக்கலை. எனக்கு என்ற போர் இருக்குது. தண்ணி கொஞ்சம் உப்புத்தான், சன்னமாத்தான் வருது, பாதி நேரம் காத்துத்தான் வருது. வரட்டும். நான் அதைத்தான் குடிக்கறேன். டாக்டர் கல்லு அடையும்னாரு. அடையட்டும்னுட்டேன்.

அவ தெனமும் காலையில கொடத்தைத் தூக்கீட்டு எங்கயோ போறா, வர்றா. இப்பவும் அங்கதான் போயிருக்கறா. நான் பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருப்பேன். ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லீராதீங்க. போர்த் தண்ணியில உப்பு ஏறினதுல இருந்து எங்கூட்ல பருப்பு வெந்ததே இல்லை. எத்தனை விசில் விட்டாலும் கல்லாட்டம் கெடக்கும். இப்ப பூவாட்டம் வேகுது. தட்டத்துல போட்டதும் கரைஞ்சு போகுது. எந்தத் தண்ணியில வேக வெச்சேன்னு நான் கேக்கறதில்லை. அவளும் சொல்றதில்லை. இன்னும் கொஞ்சம் போடட்டுங்களான்னு மட்டும் கேப்பா. போடுன்னு தட்டத்தை நீட்டுவேன்.